பியூக் நிறுத்த ஒரு கராஜ்

யேசு மரி சூசை

வெக்ஸ்போர்ட்,
09.02.2025

என் அன்பின் றோஸ்மேரிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நடமாடுகிறேன். நீரும் முழங்கால் வலி இல்லாமல் படி ஏறி இறங்குகிறீர் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

இந்தச் சீனியர்ஸ் கட்டிடத்தில் இந்த வருடம் ஹீற்றரைக் கூட்டி வைத்துவிட்டார்கள். ஒன்பதாம் மாடியில் ஜன்னலைத் திறந்தால் விறைக்கிறது, மூடினால் வேர்க்கிறது. மனேச்சரிடம் முறையிட்டேன், எழுதித் தரச் சொன்னார். ஏழு வருடமாகச் சொந்த மனைவிக்கே கடிதம் எழுதுகிறவனுக்கு அது ஒரு வேலையா, இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காமல் வாசியும். நான் ஒரு கார் பார்க்கிறேன். புதுக் கார் இல்லை. எழுபதுகளில் வந்த அமெரிக்கன் கார், முன்பக்கம் இரட்டைக் கட்டில் அளவு நீளமானது, உமக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயதில் ஏன் இந்த விசர் என்று கேட்பீர். யங் வீதிப் பார்க்கிங் லொட்டில் முப்பத்தொரு வருடம் நின்றேன். பியூக், லிங்கன், ஓல்ட்ஸ்மொபீல் எல்லாவற்றின் திறப்பும் என் கையில் இருந்தது. காலையில் நாற்பது மீற்றர் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவேன், பின்னேரம் நாற்பது மீற்றர் ஓட்டிக்கொண்டுவந்து கொடுப்பேன். ஒன்றைக்கூட வெளி ரோட்டில் ஓட்டியதில்லை. எங்களுடைய சொந்தக் கார்களோ ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொறொலா. கொறொலாவில் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் சாவதற்கு முன் ஒரு பெரிய காரைத் திறப்பைப் போட்டு என் பாட்டில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இருக்கிறது.

எல்லாப் பழைய காரும் யானை விலை இல்லை. இரண்டு கதவுக்காரைத்தான் பணக்காரர் அடிபட்டு வாங்குகிறார்கள். நாலு கதவு வைத்த குடும்பக் கார்களைச் சீண்ட ஆளில்லை, அவை ஒரு பழைய கொறொலா விலைக்குப் போகின்றன.

போன சனி, ஐந்தாம் மாடி அன்புராசாவைக் கூட்டிக்கொண்டு ஹமில்ரனுக்குப் போனேன். அன்புராசாவை மறந்திருக்க மாட்டீர், எங்களுக்கு அந்தப் படிவம் நிரப்பித் தந்தவன். விளம்பரத்தில் ‘துருவே இல்லை’ என்று போட்டிருந்தார்கள். நான் பிறிஜில் ஒட்டியிருந்த மடு மாதா படக் காந்தத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். தகரம் உண்மையாக இருந்தால் காந்தம் ஒட்டும். துருவைச் சுரண்டிப் பசை அப்பிப் பெயின்ற் அடித்திருந்தால் ஒட்டாது. மாதா கதவில் ஒட்டினா. கதவுக்குக் கீழே வைத்தேன், நழுவிச் சேற்றில் விழுந்தா. நாலு பக்கமும் வைத்தேன், நாலு பக்கமும் விழுந்தா. கார்க்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்புராசா சைவக்காரன், ஆனால் “மாதாவே வேண்டாமெண்டுறா, வா போவம்” என்றான்.

சும்மா கேட்கிறேன், எங்கள் கராஜில் இப்போது என்ன இருக்கிறது?

வீட்டுக் கடன் கட்டி முடிந்து ஏழு மாதம் ஆகிறது. அதைப் பற்றி நீர் ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அன்புக் கணவன்
சீமோன்


ரூஜ்,
20.02.2025

அன்புள்ள ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிக்க வேண்டாம் என்று எழுதினால் சிரிப்பு கூடத்தான் வரும். பக்கத்து வீட்டு அன்ரனெற்றுக்கு வாசித்துக் காட்டினேன். “இளந்தாரி வயசில அவருக்கு நேரமில்லை, இப்பதான் வந்திருக்கு, விடுங்கோ” என்றாள். மாதாவைச் சேற்றில் போட்டதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். கழுவித் திரும்ப ஒட்டினீர்களா?

உங்கள் கேள்விக்குப் பதில். கராஜில் இரண்டு பெரிய பிறீசர், ஒரு நீள மேசை, ஒரு எண்ணெய்ச் சட்டி. நானும் அன்ரனெற்றும் கிழமைக்கு அறுநூறு இறைச்சி றோல்ஸ் சுற்றிப் பொரிக்கிறோம். முதல்நன்மை, பிறந்தநாள், செத்தவீடு, எல்லாவற்றுக்கும் இப்போது எங்களிடம்தான் சொல்கிறார்கள். மேசைக்கு மேலே நல்ல வெளிச்சமாக ஒரு லைற் பூட்டியிருக்கிறேன். நானே ஏணியில் ஏறிப் பூட்டினேன். கொறொலா வெளியில் நிற்கிறது, அதற்குப் பழகிவிட்டது.

ஸ்டெபனி கல்கரியில் சுகமாக இருக்கிறாள். ஈஸ்டருக்கு வரமாட்டாளாம், லீவு இல்லையாம். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? ‘போடுகிறேன்’ என்று எழுதுவீர்கள். பெட்டியை அன்புராசாவுக்குக் காட்டி எண்ணச் சொல்லுங்கள்.

கடன் முடிந்த அன்று பால்ரொபி கிண்டி அயலுக்கெல்லாம் கொடுத்தேன், உங்களுக்கும் ஒரு பெட்டி அனுப்பினேன். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்கு இன்னும் சொல் வரவில்லை. கோபிக்க வேண்டாம்.

ரெலிபோன் எடுக்காதீர்கள். ரெலிபோனில் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நான் ஒத்துக்கொள்வேன், பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது. கடிதம்தான் எனக்கு வசதி.

உங்கள்,
றோஸ்மேரி


யேசு மரி சூசை

வெக்ஸ்போர்ட்,
09.03.2025

என் அன்பின் றோஸ்மேரிக்கு,

ஏணியில் ஏறாதையும் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பூட்டியாயிற்று என்பதால் விடுகிறேன்.

உமக்கு எழுதாத இந்த நாலு கிழமையில் மூன்று கார் பார்த்தேன். போமன்வில்லில் ஒன்று. அதன் அடித்தளத்தை ரோட்டு உப்புத் தின்று, உள்ளே விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கினால் நிலத்தில் கிடந்த பனி தெரிந்தது. மார்க்கம் ஊரில் ஒன்று, பார்க்க மாப்பிள்ளை மாதிரி. ஆனால் பத்திரத்தில் இருந்த இலக்கமும் காரில் இருந்த இலக்கமும் வேறு வேறு. இனி இந்தப் பைத்தியம் போதும் என்று இருந்தேன்.

மூன்றாவதுதான் லின்ட்சேயில். மார்கிரெட் என்று ஒரு அம்மா, எண்பது வயது இருக்கும், பண்ணை வீட்டில் தனியே இருக்கிறா. புருஷன் செத்து நாலு வருடம். அவருடைய 1978 பியூக் லெசேபர் மாட்டுக் கொட்டிலில் நிற்கிறது. கடும் பச்சை. அந்த மனிதன் பனிக்காலத்தில் அதை வெளியே எடுத்ததே இல்லையாம், ஒவ்வொரு இலையுதிர்காலமும் துருப் பிடிக்காமல் அடியில் எண்ணெய் விசிறியிருக்கிறார். நான் காந்தத்தோடு மண்டியிட்டுச் சுற்றினேன். மாதா எங்கும் ஒட்டினா றோஸ்மேரி. ஒரு இடத்திலும் விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்த அம்மா தூசி என்று நினைத்துத் துடைக்கத் துண்டு தந்தா.

முன் சீற் பெஞ்சு மாதிரிப் பிரிவு இல்லாத ஒரே வாங்கு. நடுவில் கியரும் இல்லை, பெட்டியும் இல்லை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவர் விரும்பினால் நெருங்கி இருக்கலாம். கொறொலாவில் எப்போதும் எங்களுக்கு நடுவே அந்தக் கோப்பை வைக்கிற பெட்டி இருந்தது.

விலை ஆறாயிரத்து எண்ணூறு. என்னிடம் இருக்கிறது. யாரிடமும் கைநீட்டத் தேவையில்லை.

ஆனால் யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை என் கதை. சாதாரண இன்சூரன்ஸ் எனக்குக் கட்டாது. பழைய கார்களுக்கு என்று ஒரு மலிவு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதற்கு மூன்று நிபந்தனை. கார் பூட்டிய கராஜில் நிற்க வேண்டும். அதே வீட்டில் தினமும் ஓட இன்னொரு கார் இருக்க வேண்டும். வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டிடத்தில் கராஜ் இல்லை. வெளியே பழைய கார் நிறுத்தவும் விடமாட்டார்கள். கராஜும் கொறொலாவும் இருக்கிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

அதனால் கேட்கிறேன். கராஜைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கிறேன்.

2018இல், பார்க்கிங் லொட்டை மூடி அதில் கொண்டோ மாடிவீடு கட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது, எனக்கு வேலை இல்லை. வீட்டை வங்கி எடுத்துவிடும் என்று நீர் செபமாலையும் கையுமாகத் திரிந்தீர். அப்போதுதான் அன்புராசா சொன்னான், பேப்பரில் மட்டும் பிரியுங்கோ, சீமோனுக்கு மலிவு வாடகையில் வீடு கிடைக்கும், உதவிப்பணமும் தனித்தனியாக வரும், கடன் முடிந்ததும் பேசாமல் ஒன்றாகிவிடுங்கோ என்று. நாங்கள் எங்கள் மேசையில் இருந்து சிரித்துச் சிரித்துக் கையெழுத்து வைத்தோம். ரெலிபோனில் பேசினால் பிடிபடும் என்று அவன் வெருட்டியதால் கடிதம் எழுதத் தொடங்கினோம். இப்போது கடன் முடிந்துவிட்டது. அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவோம், கட்ட வேண்டியது வந்தால் கட்டுவோம். நான் என் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

மார்கிரெட் அம்மா ஏப்ரல் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறா.

உமது கணவன்,
சீமோன்


ரூஜ்,
18.03.2025

அன்புள்ள ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். தவக்காலத்தில் மனதில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எழுதக்கூடாது, அதனால் நேராக எழுதுகிறேன்.

பேப்பரில் பிரிந்தோம் என்கிறீர்கள். முதல் வருடம் நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் வந்தீர்கள், இருட்டிய பிறகு பின்கதவால். எனக்கு அது கலியாணம் கட்டிய புதிது மாதிரிக்கூட இருந்தது. இரண்டாம் வருடம் கிழமைக்கு மூன்று நாள். பிறகு ஞாயிறு பூசை முடிய மத்தியானச் சாப்பாட்டுக்கு. பிறகு அதுவும் இல்லை. அங்கே அன்புராசாவும் கோப்பிக் கடையும் காட்ஸ் விளையாட்டும் இருந்தது. பஸ் இரண்டு மாற வேண்டும், குளிர், கால் நோகிறது என்று எழுதினீர்கள். எல்லாம் உண்மைதான். எனக்கும் குளிர்தான். பனி தள்ள, கூரை ஒழுகினால் ஆள் பிடிக்க, வங்கிக்குப் போய் வாய் திறந்து பேச, எல்லாம் நானே பழகினேன். நீங்கள் வெளிநாட்டுக்குப் போன ஆள் மாதிரி வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அதெல்லாவற்றையும்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் எடுத்தேன். 2022 ஒக்ரோபர், எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன். நீங்கள் வந்து கட்டிலடியில் நின்றீர்கள். நேர்ஸ் வந்து, நீங்கள் இவவின் கணவரா என்று கேட்டாள். நீங்கள் “நோ, நோ, ஃபிரெண்ட்” என்றீர்கள். அவள் இன்னொரு தரம் கேட்டாள், இரவு இவவோடு நிற்கச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று. தெரியாது என்றீர்கள். நான் மயக்கத்தில் கிடக்கிறேன் என்று நினைத்தீர்கள். மயக்கம் காதிலிருந்துதான் முதலில் போகும் என்று எனக்கும் அன்றுதான் தெரியும்.

உங்கள் பெயர்கொண்ட பெரிய சீமோனும் யேசுவைத் தெரியாது என்று அப்படித்தான் சொன்னார். ஆனால் அவர் வெளியே போய் அழுதார். நீங்கள் வெளியே போய் பஸ் பிடித்தீர்கள். அன்றிரவு அன்ரனெற்தான் கதிரையில் இருந்தாள்.

இதை இரண்டரை வருடமாக எழுதாமல் வைத்திருந்தேன். கார் நல்ல காராக இருக்கும். கராஜ் இல்லை.

றோஸ்மேரி


யேசு மரி சூசை

வெக்ஸ்போர்ட்,
02.04.2025

என் றோஸ்மேரிக்கு,

பஸ்ஸில் இருந்து அழுதேன் என்று எழுதினால் உம் மனம் இளகும். ஆனால் நான் அழவில்லை. பயந்தேன். நேர்ஸ் கையில் பேனையும் பேப்பரும் இருந்தது. எழுதினால் எங்கோ போய்ச் சேரும், வீடு போகும், ஒரு பரதேசி மாதிரி கையைக் கட்டி நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நான் முப்பத்தொரு வருடம் சீருடை போட்டவன் றோஸ்மேரி. பேப்பரோடு யாராவது கேள்வி கேட்டால் எனக்கு வாயில் முதலில் வருவது ‘நான் இல்லை ஐயா’ என்றதுதான். காரில் கீறல் இருந்தால் நான் இல்லை, கண்ணாடி உடைந்திருந்தால் நான் இல்லை. அதே வாய்தான் அன்றைக்கும் பேசியது. இதற்கு மன்னிப்பு என்ற சொல் காணாது என்று தெரிகிறது, ஆனால் என்னிடம் வேறு சொல் இல்லை.

இனி ஒன்று சொல்கிறேன், கோபிக்காமல் கேளும். மார்கிரெட் அம்மாவுக்கு வேறு இரண்டு பேர் ரெலிபோன் எடுத்துவிட்டார்கள். நான் ஐந்நூறு டொலர் முற்பணம் கொடுத்துவிட்டேன். இன்சூரன்ஸ் படிவத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டேன். வசிக்கும் முகவரி ரூஜ். வீட்டில் வசிப்பவர்கள் சீமோன், றோஸ்மேரி. எங்கள் இரண்டு பெயரையும் ஒரே முகவரிக்குக் கீழே ஏழு வருடத்துக்குப் பின் எழுதினேன்.

உம்மைக் கேட்காமல் செய்தது பிழை. கேட்டால் மாட்டேன் என்பீர் என்று தெரியும், அதனால் செய்தேன். ஈஸ்டருக்கு முன் ஒரு பெண் உமக்கு ரெலிபோன் எடுப்பாள். உம்முடைய கணவர் சீமோன் இந்த வீட்டிலா இருக்கிறார் என்று கேட்பாள். ஓம், இருக்கிறார் என்று சொல்லும். ஒரே ஒரு சொல். அடுத்த நாளே நான் வந்து அதை உண்மையாக்குவேன். பிறீசர் இரண்டையும் நானே பேஸ்மென்றுக்கு இறக்கித் தருவேன், மேசைக்கு மேலே பூட்டிய லைற்றையும் கழற்றி அங்கே பூட்டுவேன். நீர் சுற்றுகிற றோல்ஸை நான் காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்தப் பக்கத்தில் எவருக்கும் பியூக்கில் றோல்ஸ் வந்திருக்காது.

எனக்கு இங்கே சரியில்லை. கோப்பிக் கடையைப் பற்றி எழுதினீர், அந்தக் கடையில் முதலில் எட்டுப் பேர் இருந்தோம், இப்போது மூன்று பேர். இரவில் பிறிஜ் சத்தம் போடுவதை நிறுத்தினால் எழும்பிப் போய் பார்க்கிறேன். என்னைக் கூப்பிடும் றோஸ்மேரி.

உமது,
சீமோன்


ரூஜ்,
24.04.2025

அன்புள்ள ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா நல்லபடியாக முடிந்தது. உங்களுக்கும் என் செபத்தில் இடம் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரிய கிழமை செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் ரெலிபோன் எடுத்தாள். எனக்கு இரண்டு கையிலும் மா. அன்ரனெற் போனை என் காதில் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியாதையான பிள்ளை. பெயரைக் கேட்டாள், கராஜுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, உங்கள் கணவர் சீமோன் உங்களோடு இந்த வீட்டிலா இருக்கிறார் என்று கேட்டாள்.

நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லை நான் யோசிக்காமல் இருக்கவில்லை. நாற்பத்தோரு வருடத்தில் நீங்கள் என்னிடம் கெஞ்சிக் கேட்டது குறைவு. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொன்னேன். எப்போது திரும்பி வருவார் என்று கேட்டாள். வரமாட்டார் என்று சொன்னேன். அன்ரனெற் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் றோல்ஸ் சுற்றத் தொடங்கினாள்.

உங்களைத் தண்டிக்க அப்படிச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஈடு கட்டவும் இல்லை. ஏன் என்று எனக்கே அன்று தெரியவில்லை, மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாங்கள் கையெழுத்து வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு தவக்காலமும் நான் பாவசங்கீர்த்தனத்தில் ஒரே பாவத்தைச் சொல்லி வந்தேன். ‘ஃபாதர், நாங்கள் பிரியாமல் இருந்துகொண்டு பிரிந்ததாகப் பொய் சொல்கிறோம்.’ ஃபாதரும் ஒவ்வொரு வருடமும், திருத்திக்கொள் பிள்ளை என்பார். கடன் முடிய திருத்துவோம் ஃபாதர் என்பேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் இல்லை என்று சின்னனில் படித்தோம், எனக்குப் போசனம் கிடைத்தது, ஆனால் அந்தப் பொய் ஏழு வருடம் நெஞ்சில் கிடந்தது. பெரிய வெள்ளி காலையில் வரிசையில் நின்று உள்ளே போய் முழங்காலில் இருந்தேன். வழக்கம்போல அதைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. பொய் எங்கே என்று தேடிப் பார்த்தேன், அது பொய்யாக இல்லை. நாங்கள் பிரிந்துதான் இருக்கிறோம். எந்த வருடத்தில் அது உண்மையானது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஃபாதர் காத்திருந்துவிட்டு, “வேற என்ன பிள்ளை?” என்றார். “அவ்வளவுதான் ஃபாதர்” என்றேன்.

வெளியே வந்து கொறொலாவுக்குள் இருந்து நன்றாக அழுதேன். ஒரு பாவம் குறைந்துவிட்டது என்று யாராவது அழுவார்களா? நான் அழுதேன். ஏழு வருடமாக அந்தப் பொய்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். தனியாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் எழும்பினால் யார் முகத்தையும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் நீங்கள் இருந்த வீட்டில் நான் மெதுவாக நடந்தேன், இப்போது சாதாரணமாக நடக்கிறேன். உங்களைக் கூப்பிட்டால் நாளைக்கே திரும்ப மெதுவாக நடக்கத் தொடங்குவேன். எனக்கு அறுபத்தாறு வயது, இனி என்னால் ஏலாது.

அரசாங்கத்துக்குப் பழையதைச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுவோம், என் பங்கை நான் கட்டுவேன். உங்கள் உடுப்பு இரண்டு பெட்டி மேலே இருக்கிறது, அன்புராசா வந்தால் கொடுத்துவிடுவேன். குளிசையைத் தவறாமல் போடுங்கள்.

எழுத வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இனிப் பதில் எழுத மாட்டேன்.

றோஸ்மேரி


யேசு மரி சூசை

வெக்ஸ்போர்ட்,
18.05.2025

றோஸ்மேரிக்கு,

பதில் எழுத மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர். என்றாலும் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். எனக்கு நடந்ததை உமக்குச் சொல்லித்தான் பழக்கம்.

உம் கடிதத்தை வாசித்த பிறகு பத்து நாள் நான் கதவு திறக்கவில்லை. அன்புராசா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மனேச்சரைக் கூட்டிவந்துவிட்டான். செத்துப்போனேன் என்று நினைத்தானாம். “சாகேல்லை, போ” என்றேன். அவன் என் கட்டிலில் இருந்து அழுதான். “நான்தான் உங்கள் ரெண்டு பேரையும் பிரிச்சனான், பேப்பரிலதான் எண்டு நினைச்சன்” என்றான். அவனை நான் தேற்ற வேண்டியதாய்ப் போயிற்று. என்னைத் தேற்ற ஒருவரும் இல்லை.

நேற்று அவனோடு லின்ட்சேக்குப் போனேன், வாங்க முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல. மார்கிரெட் அம்மா முற்பணத்தைத் திருப்பித் தந்தா. ஏன் என்று கேட்டா, கராஜ் இல்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல இங்கிலிஷ் வரவில்லை, தமிழிலும் வந்திருக்காது. அன்றைக்கே வேறு ஒருவன் காரை வாங்க வந்திருந்தான், முப்பது வயது இருக்கும், வெள்ளை. அம்மாவுக்கு இடுப்பு ஏலாது, காரைக் கொட்டிலில் இருந்து வெளியே எடுத்து விடு சீமோன் என்று திறப்பைத் தந்தா.

ஏறி இருந்தேன். ஒரே உதறலில் ஸ்ரார்ட் ஆனது. வாங்கில் என் வலப்பக்கம் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம், அவ்வளவு வெறுமை. கொட்டிலில் இருந்து கேற் வரை ஓட்டினேன். நாற்பது மீற்றர் வராது. கேற்றுக்கு அப்பால் ரோட்டு கிடந்தது, நேரே, ஒரு வாகனமும் இல்லாமல். பிறேக்கில் கால் வைத்தேன். இறங்கித் திறப்பை அந்தப் பெடியனிடம் கொடுத்தேன். அவன் என்னைப் பண்ணையில் வேலை செய்கிற ஆள் என்று நினைத்து ஐந்து டொலர் தந்தான். நான் வாங்கினேன் றோஸ்மேரி. கை தானாகப் போய் வாங்கிவிட்டது, வாய் தாங்க் யூ சேர் என்றும் சொல்லிவிட்டது. திரும்பி வரும் வழியில் அன்புராசா ரேடியோவைப் போட்டான், நான் நிறுத்தச் சொன்னேன்.

இப்போது ஒரு கேள்வி, இதற்கு மட்டும் பதில் தாரும். இந்தக் கட்டிடத்தில் வருடா வருடம் படிவம் புதுப்பிப்பார்கள். எனக்கு ஏதாவது நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று அதில் ஒரு கட்டம் உண்டு. ஏழு வருடமும் உம்முடைய பெயரையும் நம்பரையும் கொடுத்து, உறவு என்ற இடத்தில் சிநேகிதி என்று எழுதி வந்தேன். இந்த முறை ஒபிஸில் கஜனி என்று ஒரு எங்கட பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் சொல்கிறாள், “அங்கிள், சம்மதமோ எண்டு அவையிட்டைக் கேட்டிட்டு வந்து எழுதுங்கோ, இப்ப அப்பிடித்தான் சட்டம்” என்று. அதனால் கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரவில்லை. இனி அதைக் கேட்கவும் மாட்டேன். ஒரு நாள் யாராவது ரெலிபோன் எடுத்து, சீமோன் என்றவரைத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்லுவீரா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு துண்டில் எழுதிப் போட்டால் போதும். பெயர்கூட வைக்க வேண்டாம்.

பிழை எல்லாம் என்னுடையது.

சீமோன்


யேசு மரி சூசை

வெக்ஸ்போர்ட்,
15.06.2025

றோஸ்மேரிக்கு,

நாலு கிழமை பார்த்தேன். தபால்காரன் பதினொரு மணிக்கு வருகிறான், நான் பத்தரைக்குக் கீழே போய்க் கதிரையில் இருந்தேன். மின்சார பில் வந்தது, பீற்சாக் கடைக் காகிதம் வந்தது. உம்மைக் குறை சொல்லவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லித்தான் நிறுத்தினீர். நீர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள், அது எனக்குத் தெரியாததா?

வெள்ளிக்கிழமை படிவத்துக்குக் கடைசி நாள். கஜனி என்னைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினாள். அன்புராசாவின் பெயரைச் சொன்னேன், எழுதினாள். பிறகு கொம்பியூட்டரைப் பார்த்து, “அங்கிள், ஒரு அன்ரியின்ர நம்பர் இதில பழசாக் கிடக்குது, ரூஜ் அட்ரஸ். அதை எடுத்துவிடட்டோ?” என்று கேட்டாள்.

அந்த நம்பரை ஒருக்கால் வாசிக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை வாசித்தாள்.

ஓம் என்று சொன்னேன். அவள் எடுத்துவிட்டாள்.

சீமோன்